யார் வாசித்தது என்றே தெரியாத சர்ஃப் இசைத்தட்டுகள்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

ஊசிமுனை

மூன்று வருடமாகிறது. இன்னும் உறுத்துவதால் எழுதிவிடுகிறேன்.

கலிபோர்னியாவின் பசடீனா சிட்டி காலேஜ் வளாகத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு கூடும் பழம்பொருள் சந்தை. இங்கே பலருக்கும் தெரிந்த இடம்தான். ஒரு டாலர் பெட்டியின் அடியில் ஒரு 45 (நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டு) கிடைத்தது. வெள்ளை லேபிள், தட்டச்சில் அடித்த தலைப்பு, அதன் கீழே இசையமைத்தவரின் குடும்பப் பெயர் மட்டும். குழுவின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. கையோடு கொண்டுபோயிருந்த பேட்டரி பிளேயரில் அங்கேயே வைத்துக் கேட்டேன். அறுபதுகளின் கலிபோர்னியாக் கடற்கரைக் கிதார் இசையான சர்ஃப்தான்: ரிவெர்ப் (ஒலி அடங்காமல் நீளும் முழக்கம்) சொட்டச் சொட்ட ஒரு கிதார், பின்னால் மூச்சிரைக்கும் சாக்ஸபோன். இரண்டாவது சுற்றில் டிரம்ஸ் பையன் ஓர் அடி தவறுகிறான். தவறியதை மறைக்க சிம்பலை இரண்டு முறை ஓங்கி அறைகிறான்.

அந்த இடம் வந்தபோது பக்கத்துக் கடையில் பழைய கண்ணாடிக் கதவுப்பிடிகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர் நிமிர்ந்தார். "அது என் அண்ணன்" என்றார். "அந்த ஓர் அடிக்காக எங்கள் அப்பா வீடு வந்து சேரும் வரை காரில் அவனைத் திட்டிக்கொண்டே வந்தார்."

சிரிக்கவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

அதே நேரம் இசைத்தட்டுக் கடைக்காரர் காசு கேட்டார். என்னிடம் இருபது டாலர் நோட்டு. சில்லறை வாங்கிக்கொண்டு திரும்பினேன், ஆள் இல்லை. வாகன நிறுத்துமிடம் வரை ஓடினேன். வெள்ளைத் தொப்பி வைத்த முதியவர்கள் அங்கே இருபது பேர் இருந்தார்கள்.

பெயரைக் கேட்டிருக்க வேண்டும். பத்தொன்பது டாலர் சில்லறைக்காக ஒரு குழுவின் பெயரையே விட்டுவிட்டேன்.

வெற்றுவளையம்

எனக்கும் இதேபோல் நடந்தது. சான் டியேகோவில், ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில். ஆனால் அந்தத் தட்டு உடைந்திருந்தது. அதை விடுங்கள்.

நண்பர் மனிதரைத் தேடி ஓடியிருக்கிறார். முதலில் தட்டைப் படித்திருக்க வேண்டும். லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவே இசை இல்லாத வளையம் ஒன்று உண்டல்லவா, அங்கே ஊசியால் கீறியோ முத்திரையாகக் குத்தியோ ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் லேபிளைவிட அதுவே நம்பத்தக்கது. ஆர்சிஏ நிறுவனம் வெளியாருக்காக அச்சடித்துக் கொடுத்த தட்டு என்றால் எண்ணின் முதல் எழுத்தே ஆண்டு: எம் என்றால் 1961, என் 1962, பி 1963, ஆர் 1964, எஸ் 1965. நடுவில் ஓ, கியூ கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸ் மொனார்க் ஆலையில் அச்சானது என்றால் வட்டத்துக்குள் எம்ஆர் என்ற முத்திரையும், சிறிய முக்கோணமும், அதன் பின் ஓர் எண்ணும் இருக்கும். முக்கோண எண் ஏறுவரிசையில் போவது. வெளியான மாதம் தெரிந்த இரண்டு தட்டுகளின் எண்களுக்கு நடுவே உங்கள் எண் எங்கே விழுகிறது என்று பார்த்தால் மாதக் கணக்கு வரை நெருங்கிவிடலாம். ஆனால் இதெல்லாம் தட்டு அச்சான காலம். பதிவான காலம் ஆறு மாதம் முன்னதாகவும் இருக்கலாம்.

அடுத்தது குடும்பப் பெயர். 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்க மத்தியச் சட்டத்தில் பதிப்புரிமைப் பதிவு கிடையாது. ஆனால் மெட்டுக்கு உண்டு. பதிப்புரிமை அலுவலகம் அச்சிட்ட அரையாண்டுப் பட்டியல்களில் மெட்டின் தலைப்பு, எழுதியவர், உரிமை கோருபவர், தேதி எல்லாம் இருக்கும். எண்ணுக்கு முன்னால் இயு என்று வந்தால் வெளியிடப்படாத படைப்பு, இபி என்றால் வெளியிடப்பட்டது. பள்ளிக்கூடப் பையன்கள் ஒரு தாளில் மெட்டைக் குறித்து அனுப்பியவை பெரும்பாலும் இயு பக்கத்தில்தான் கிடக்கின்றன. 1962 முதல் 1965 வரை எட்டுத் தொகுதிகள். ஒரு வார வேலை. அதன் பிறகு அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிகளின் ஆண்டு மலர்கள். மாணவர் நடன நிகழ்ச்சிப் படங்களில் டிரம்ஸின் முன்தோலில் குழுவின் பெயர் எழுதியிருக்கும்.

ஊசிமுனை

ஐயா, எல்லாம் பார்த்தாயிற்று. எண் பி-யில் தொடங்குகிறது, ஆக 1963. எட்டுத் தொகுதியும் புரட்டினேன். அந்தத் தலைப்பு இல்லை. அந்தக் குடும்பப் பெயர் இருக்கிறது, எண்பதுக்கும் மேற்பட்ட இடங்களில். நம் ஊரில் முருகனைத் தேடுவது போன்ற பெயர் அது.

இரட்டைத்தடம்

குழுவின் பெயர் இல்லாத தட்டாவது உண்மையைச் சொல்கிறது. பெயர் போட்ட தட்டுகள் செய்வதைக் கேளுங்கள்.

மலிவு விலை இசைத்தட்டு நிறுவனம் (லேபிள் என்போம்) ஒன்றின் நெடுந்தட்டு என்னிடம் இருந்தது. அட்டையில் அலைப்பலகையோடு ஒரு பெண், உள்ளே பத்து மெட்டு. வேறொரு லேபிளில், வேறு குழுவின் பெயரில், கார் பந்தயப் படம் போட்ட இன்னொரு தட்டும் வாங்கினேன். ஓர் இரவு இரண்டாவதைக் கேட்டுக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டேன். நான்காவது மெட்டில், கிதார் நிற்கும் இடத்தில், டிரம்ஸ் குச்சிகள் ஒன்றோடொன்று தட்டும் சின்ன 'டிக்'. வேண்டுமென்று வாசித்ததல்ல, கைதவறியது. இஸ்திரிப்பெட்டியை அப்படியே வைத்துவிட்டு முதல் தட்டை எடுத்தேன். வேறு தலைப்பு, ஓட்டமும் சற்று வேகம், சுருதியும் அரைப்படி மேலே. அதே இடத்தில் அதே 'டிக்'. ஒரே நாடாவை வேகம் கூட்டி, பெயர் மாற்றி, இரண்டு முறை விற்றிருக்கிறார்கள். சட்டையில் முக்கோணமாக ஒரு கருகல் விழுந்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.

இது அபூர்வமும் இல்லை. 1963இல் சர்ஃபாரிஸ் குழுவின் 'வைப் அவுட்' மெட்டு வெற்றிபெற்றவுடன் டாட் நிறுவனம் அவர்கள் பெயரில் ஒரு நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. அதில் அந்த ஒரு மெட்டும் 'சர்ஃபர் ஜோ'வும் மட்டுமே அந்தப் பையன்கள் வாசித்தவை. மற்றதெல்லாம் சேலஞ்சர்ஸ் என்ற வேறொரு குழு. வாங்கிய பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? ஜெர்ரி கோல் கிதார் வாசித்த 'அனிமேட்டட் எக்' குழுவின் நாடாக்களின் மேல் வயலின்களை ஏற்றி 101 ஸ்டிரிங்ஸ் என்ற இசைக்குழுவின் பெயரில் விற்ற கதையும் உண்டு. அது சர்ஃப் இல்லை என்று யாராவது சண்டைக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் களவு அதே களவு.

அதனால் வெற்றுவளையம் ஐயாவுக்கு: எண் பொய் சொல்லாது, சரி. ஆனால் எண் யார் வாசித்தது என்றும் சொல்லாது. காதுதான் சொல்லும்.

வெற்றுவளையம்

காது சொன்னது என்று நான் பதினோரு வருடம் ஒரு மெட்டைத் தவறான குழுவின் பெயரில் வைத்திருந்தேன். காதை நம்பாதீர்கள்.

ஆலிவ்மரம்

'மிசிர்லூ' மெட்டைப் பற்றிச் சொல்லலாமா?

விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு கிரேக்கப் பாட்டி. ஏதென்ஸ் போய்க்கொண்டிருந்தார். என் காதில் ஓடியது வெளியே கேட்டிருக்க வேண்டும். கையை நீட்டினார், காதொலிப்பானில் ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். சர்ஃப் கிதார்க்காரர் டிக் டேல், 1962, அந்த முதல் இறக்கம். பாட்டி முகம் சுளித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கிதாரைச் சட்டை செய்யாமல், அதே மெட்டை நான்கில் ஒரு பங்கு வேகத்தில் பாட ஆரம்பித்தார். உணவுத் தட்டு கொண்டுவந்த பணிப்பெண் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டார். பாடி முடித்து, கருவியைத் திருப்பித் தந்து, "இந்தப் பையனுக்கு எங்கே அவசரம்?" என்றார்.

நான் அதுவரை அதைக் கலிபோர்னியாக் கடற்கரையில் பிறந்த மெட்டு என்றே நினைத்திருந்தேன். தலைப்புக்கு 'எகிப்துக்காரி' என்று பொருளாம். தெரிந்தவரை முதல் பதிவு 1927, நியூயார்க்கில் டெட்டோஸ் டிமெட்ரியாடிஸ் பாடியது. 1941இல் நிக் ரூபானிஸ் இசையமைத்தவர் என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டார். டிக் டேல் தன் லெபனான் உறவுகளிடமிருந்து சிறுவயதிலேயே கேட்டவர். பாட்டி பாடியதை நான் பதிவுசெய்யவில்லை. கைப்பேசி கையில்தான் இருந்தது.

வெற்றுவளையம்

அம்மா, அழகான அனுபவம். ஆனால் அது உலகமே அறிந்த மெட்டு. இங்கே பேசுவது யாருக்கும் தெரியாத பதிவுகளைப் பற்றி.

ஆலிவ்மரம்

பாட்டிக்கு டிக் டேலைத் தெரியாது ஐயா. எனக்கு டிமெட்ரியாடிஸைத் தெரியாது. யாருக்குத் தெரியாதது என்று யார் கணக்கெடுப்பது?

சுங்கைவாசி

சிங்கப்பூரிலிருந்து. சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடப்படுவதற்குச் சில மாதம் முன்பு, தரையில் விரித்த தார்ப்பாயில் ஒரு 45 எடுத்தேன். உறை ஒரு குழுவுடையது, உள்ளே இருந்தது வேறு. இங்கே இது வழக்கம். லேபிள் தண்ணீர் பட்டு வெளுத்துவிட்டது. இங்குள்ள குவெஸ்ட்ஸ் குழு 1964இல் 'ஷான்ட்டி' வெளியிட்ட காலத்துக் கிதார் மெட்டு போல இருக்கிறது. ஆனால் அவர்கள் அல்ல. கேட்டவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

நான் எழுத வந்தது அதற்காக இல்லை. உறையின் உட்புறத்தில், நீல மையில், தமிழில்: "கேட்டுவிட்டுத் திருப்பித் தரவும்." கையெழுத்தில்லை, முகவரி இல்லை. 'வி'யின் கொக்கி நீண்டு அடுத்த எழுத்தைத் தொடுகிறது. என் அப்பாவின் தலைமுறைக் கையெழுத்து. அறுபதுகளில் இங்கே கிதார் மெட்டு வாங்கி, நண்பனுக்கு இரவல் கொடுத்து, திரும்பி வராமல் போன ஒரு தமிழர். யாரிடம் திருப்பித் தருவது? இது சர்ஃப் வகைதானே? சேர்த்துக்கொள்ளலாமா?

இரட்டைத்தடம்

கையெழுத்துக்காகச் சேர்த்துக்கொள்ளலாம். இசைக்காக முடியாது. அது இங்கிலாந்தின் ஷேடோஸ் குழுவின் வழி. 1961இல் பாடகர் கிளிஃப் ரிச்சர்டோடு அவர்கள் சிங்கப்பூர் வந்துபோன பிறகு அங்கே எல்லாப் பையன்களும் பிடித்த வழி. அவர்களுடையது நாடா எதிரொலி: அடித்த சுரம் சற்றுத் தள்ளி மறுபடி கேட்கும், சுத்தமாக. சர்ஃப் ஒலி, கிதார் நிறுவனமான ஃபெண்டர் 1961இல் கொண்டுவந்த தனி ரிவெர்ப் பெட்டியிலிருந்து வருவது. பெட்டிக்குள் கம்பிச்சுருள்கள். அதை உதைத்தால் இடி விழுந்தது போல் கேட்கும். தந்தியைக் கையால் அடக்கி அடித்தால் தண்ணீர்த் துளி தெறிப்பது போன்ற ஒலி, அது எதிரொலிப் பெட்டியில் வரவே வராது. உங்கள் தட்டில் கிதார் நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? அவ்வளவுதான் சோதனை. கடல் பக்கத்தில் இருந்தது என்பதெல்லாம் கணக்கில்லை. சர்ஃப் குழுக்களிலேயே டிராஷ்மென் கடலில்லாத மினசோட்டா, அஸ்ட்ரோனாட்ஸ் கொலராடோ மலையடிவாரம். 'வைப் அவுட்'டும் 'பைப்லைன்'னும் பதிவானது கலிபோர்னியாவின் உள்நாட்டு ஊரான குகமோங்காவில். பால் பஃப் தன் கையால் செய்த ஐந்து தடப் பதிவுக் கருவியை வைத்திருந்த சின்னக் கூடம் அது. அங்கிருந்து கடலுக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். 'வைப் அவுட்' தொடக்கத்தில் அலைப்பலகை உடைகிறதே, அது கூடத்தில் மைக் முன்னால் முறித்த மரத்துண்டு.

சுங்கைவாசி

காய்ந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். தட்டை விற்கப்போவதில்லை.

ஊசிமுனை

ஒன்றை எழுதாமல் விட்டேன், வெட்கத்தால்.

அடுத்த மாத முதல் ஞாயிறு அதே இடத்துக்குப் போனேன். கதவுப்பிடிக் கடைக்காரர் வந்திருந்தார். முதியவரை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "வெள்ளைத் தொப்பி. ஊதாக் கண்ணாடிப் பிடி ஜோடியில் ஒன்றை மட்டும் வாங்கினார். இன்னொன்றுக்கு அடுத்த முறை வருகிறேன் என்றார்" என்று, மீதமிருந்த பிடியை எடுத்துக் காட்டினார். எட்டு டாலர். அந்த மனிதர் தொட்ட பொருளின் ஜோடி என்ற பரவசத்தில் உடனே வாங்கிவிட்டேன். இப்போது அது என் அலமாரியில், அந்த 45க்குப் பக்கத்தில் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில், நெடுஞ்சாலையில்தான் உறைத்தது. அவர் திரும்பி வருவதற்கு இருந்த ஒரே காரணத்தை நானே காசு கொடுத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெற்றுவளையம்

இதற்கு எண்ணெல்லாம் பார்க்க வேண்டாம். வரும் மாத முதல் ஞாயிறு அந்தப் பிடியைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடமே கொடுங்கள். விலை எண்பது டாலர் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள், வேறு யாரும் வாங்க மாட்டார்கள். உங்கள் தொலைபேசி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, பிடியின் திருகாணித் துளைக்குள் சுருட்டி வையுங்கள். மூன்று வருடம் ஆகிவிட்டதே என்று யோசிக்காதீர்கள். ஒற்றைக் கதவுப்பிடியோடு ஒருவர் எவ்வளவு நாள்தான் இருப்பார்?