துணியில் நிற்காத குளோரெல்லா

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

முருகன் சித்தப்பா, காலை 6:42
கவி, எந்திரிச்சிட்டியாமா? புதுத் தொட்டியில வளர்ற குளோரெல்லாப் பாசிய, ஸ்பைருலினாப் பாசிய வடிக்கக் கட்டுற அதே துணியில ஊத்துனேன். மேல பச்சையா போனது கீழயும் பச்சையாவே வந்து விழுகுது. நாலா மடிச்சும் பாத்துட்டேன்.

ராணி சித்தி, 6:44
விடியக்காலையில இருந்து தொட்டிகிட்டதான் நிக்கிறாரு. இன்னும் டீ குடிக்கல.

கவிதா, 6:51
துணி மேல தப்பில்ல சித்தப்பா. ஸ்பைருலினா சுருள் சுருளா நூலாட்டம் நீளமா இருக்கும். அதான் துணியில தங்குது, தோசை மாவு கணக்கா வழிச்சு எடுக்குறீங்க. குளோரெல்லா குட்டி உருண்டை. 2ல இருந்து 10 மைக்ரான்தான். தலைமுடியே அம்பது மைக்ரானுக்கு மேல!

செந்தில், 6:53
படிகாரம் போட்டா படியாதா?

கவிதா, 6:55
படியும்ண்ணா. ஆனா அலுமினியம் பாசியோடயே வந்துரும். சாப்பிடுற பொருளுக்கு வேண்டாம்.

முருகன் சித்தப்பா, 6:56
செந்தில் வீட்டுக் குடிதண்ணி மெஷின்ல கழட்டுன ஆர்ஓ மெம்பரேன், அந்த வடிகட்டிச் சவ்வு, சும்மா கிடக்கு. அத மாட்டலாமா?

கவிதா, 7:04
ஆர்ஓ உப்பையே தடுக்குறது. அதுக்குக் கொடுக்குற அழுத்தம் நமக்குத் தேவையில்ல. அதவிடப் பெரிய துளை இருக்குற மெம்பரேன்ல வடிக்கிற மைக்ரோஃபில்ட்ரேஷன் போதும். எங்க லேப்ல இருக்குறது சேமியா மாதிரி வெள்ளைக் குழல் கட்டு, துளை 0.1 மைக்ரான். ஒரு செல்லும் தப்பாது.

கஷ்டம் எங்கன்னா, அடைப்புல. முதநாள் நான் நேரா அழுத்தி வடிச்சேன். கொஞ்ச நேரத்துல சொட்டுச் சொட்டா ஆயிருச்சு. கழட்டித் தொட்டுப் பாத்தா வெண்டைக்கா நறுக்குன கை மாதிரி வழவழன்னு. பாசி விடுற பசை அது. பம்பு வேகமா அடிச்சா செல் உடைஞ்சு பசை இன்னும் கூடும்.

அதுனால தண்ணிய மெம்பரேன் மேல உரசிக்கிட்டே பக்கவாட்டுல ஓட விடணும். படியுறத ஓட்டமே அடிச்சிட்டுப் போயிரும். நடு நடுவுல தெளிஞ்ச தண்ணிய உள்ள இருந்து வெளிய திருப்பி அடிக்கணும். வேலை முடிஞ்சா மருந்து ஊத்திக் கழுவணும். இந்தக் கழுவுறதுல சோம்பல் பட்டா மெம்பரேன் போச்சு.

முருகன் சித்தப்பா, 7:09
கடைசியில விழுதா கையில வந்துருமா?

கவிதா, 7:13
வராது. தொட்டியில லிட்டருக்கு அரை கிராம்னு வைங்க, 1000 லிட்டர்ல அரை கிலோதான் பாசி. மெம்பரேன் அத 20 லிட்டர் கெட்டிக் கரைசலாக்கும். அதுக்கப்புறம் சென்ட்ரிஃபியூஜ்ல, அதான் வேகமாச் சுத்தித் தண்ணியப் பிரிக்கிற மெஷின்ல, சுத்தணும். 1000 லிட்டரையும் சுத்துறதுக்கும் 20 லிட்டரச் சுத்துறதுக்கும் கரண்டு பில்லு எவ்வளவு மாறும்னு யோசிங்க. தெளிஞ்ச 980 லிட்டரும் மிச்ச உரத்தோட திரும்பத் தொட்டிக்கே போகலாம்.

முருகன் சித்தப்பா, 7:15
தண்ணி மிச்சம்னா அதுவே பெரிய விஷயம். போர்ல இப்பவே காத்துதான் வருது.

கவிதா, 7:18
வடிச்சதெல்லாம் தொட்டியிலயே ஊத்திருங்க. வெள்ளிக்கிழமை 5 லிட்டர் கொண்டு வாங்க, சின்னக் கட்டுல ஓட்டிப் பாப்போம். கேன இறுக்கி மூடாதீங்க, வெயில்லயும் வைக்காதீங்க.

ராணி சித்தி, 7:19
முறுக்கும் கொடுத்து விடுறேன் கவி. அந்தக் கேன் பக்கத்துல வைக்காம தனிப் பையில.