மேடு ஏறும்போது மோட்டார் நின்றுவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாக வேண்டும்

தேயிலைத்தம்பி (வியாழன், காலை 7:12)
எல்லோருக்கும் வணக்கம். என் எலெக்ட்ரிக் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) மேட்டில் பாதி ஏறும்போது மோட்டார் நின்றுவிடுகிறது. சமதளத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்தால் ஓடும், கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நிற்கும். பேட்டரி ஃபுல் சார்ஜ். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

மண்பாதை (7:40)
என்ன வண்டி? சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டாரா, பெடல் பக்கத்தில் இருக்கும் மிட் டிரைவா? எத்தனை வோல்ட்? நிற்கும்போது டிஸ்ப்ளேயில் எரர் நம்பர் வருகிறதா? மழையில் நனைந்ததா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது தம்பி?

கோவை பேட்டரிக்காரர் (8:05)
பேட்டரியேதான். 36 வோல்ட் பேட்டரி என்றால் உள்ளே 10 செல் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று தளர்ந்தாலும் போதும். சும்மா நிற்கும்போது ஃபுல் என்று காட்டும். மேட்டில் இழுவை கூடியதும் அந்த ஒரு செல்லின் வோல்ட் சடாரென்று இறங்கும், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் (பிஎம்எஸ்) மொத்தத்தையும் கட் செய்துவிடும். ஆஃப் செய்து ஆன் செய்தால் உயிர் வரும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான். ஏறும்போது வோல்ட்டைப் பாருங்கள். 42-ல் கிளம்பி 32 பக்கம் விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

குன்னூர் ராஜி (8:31)
பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் பிரேக் லீவரைப் பாருங்கள். அதற்குள் ஒரு கட் ஆஃப் சென்சார் இருக்கிறது. லீவர் ஒரு மயிரிழை உள்ளே போனாலும் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. எங்கள் தோட்டத்துப் பாதையில் சேறு புகுந்து லீவர் முழுதாகத் திரும்பாமல் இரண்டு நாள் அலைந்தேன். ஏறும்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்போம், விரல் தானாக லீவர் மேல் போய் உட்காரும். சமதளத்தில் அப்படி நடக்காது.

பழைய பெடல் (9:02)
இங்கே நான் பல முறை எழுதியாகிவிட்டது. மலைக்கு ஹப் மோட்டார் வாங்காதீர்கள். செங்குத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது ஹப் மோட்டார் கரண்ட்டை இழுத்துச் சூடாக்குமே தவிர வேலை செய்யாது. மிட் டிரைவ் சைக்கிளின் கியர் வழியாகவே இழுக்கும், மேட்டில் சின்ன கியர் போட்டால் மோட்டாரும் தன் வேகத்தில் சுற்றும். வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியதை வாங்கிய பின் கேட்டால் எப்படி? நாளைக்குக் கேட்பவர்களுக்காவது உதவட்டும் என்றுதான் சொல்கிறேன்.

தேயிலைத்தம்பி (மாலை 6:48)
ஹப் மோட்டார்தான், 250 வாட். பேட்டரி 36 வோல்ட், 10.4 ஆம்பியர் ஹவர். பேட்டரி அண்ணா, வோல்ட் பார்த்தேன், 38-க்குக் கீழே இறங்கவில்லை. ராஜி அக்கா, லீவரைத் தொடாமலே ஓட்டினேன், அப்போதும் நின்றது. எரர் நம்பர் ஏதோ வந்தது, கவனிப்பதற்குள் ஆஃப் செய்துவிட்டேன். நிற்பதற்கு முன்னால் கரகரவென்று ஓர் உதறல் வருகிறது.

வேகப்பிரியன் (7:15)
250 வாட்டை வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்படுகிறீர்கள்? 750 வாட் கிட் போடுங்கள், குன்னூர் பறந்து போகலாம்.

பழைய பெடல் (7:22)
அது சைக்கிள் இல்லை, மோட்டார் வாகனம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவான வேகம் என்று இருந்தால்தான் ரிஜிஸ்ட்ரேஷனும் லைசென்ஸும் வேண்டாம். 750 போட்டு யார் மேலாவது மோதினால் இன்ஷூரன்ஸ் இல்லாமல் நிற்பீர்கள்.

வேகப்பிரியன் (7:30)
காட்டுப் பாதையில் யார் சார் பிடிக்கப் போகிறார்கள்? உங்கள் மிட் டிரைவ் மட்டும் என்ன, செயினையும் கேசட்டையும் (பின்சக்கரத்துப் பல்சக்கரங்கள்) தின்றுகொண்டே இருக்கும்.

பழைய பெடல் (7:41)
கியர் மாற்றும் நொடியில் பெடலில் அழுத்தத்தைக் குறைக்கத் தெரிந்தால் செயின் அவ்வளவு தேயாது. காட்டுப் பாதையில் நடந்து போகிறவர்களும் இருக்கிறார்கள், முதலில் அதை நினையுங்கள்.

மண்பாதை (8:10)
சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே. தம்பி, ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஸ்டேஷன் ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். நீங்களும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், தூக்குவதற்கு மட்டுமே 380 வாட் ஹவர் வேண்டும். உங்கள் பேட்டரி மொத்தமே 374 (36 x 10.4). மோட்டார் சரியானாலும் பாதி பாரத்தைக் கால்தான் இழுக்க வேண்டும். வழியில் வரும் பர்லியாறு வரைக்கும் மோட்டார் உதவியைக் (அசிஸ்ட்) குறைத்தே போங்கள்.

கைவினை மெக்கானிக் (9:26)
உதறல் என்ற ஒரு வார்த்தையை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பேட்டரி கட் ஆனாலும் பிரேக் சென்சார் கட் ஆனாலும் மோட்டார் அமைதியாக நிற்கும், கரகரக்காது. உதறினால் மோட்டாருக்குப் போகும் கம்பிகளில் ஏதோ ஒன்று விட்டு விட்டுத் தொடுகிறது. கடைசியாகப் பின்சக்கரத்தை எப்போது கழற்றினீர்கள்?

தேயிலைத்தம்பி (9:50)
போன வாரம் பஞ்சர் அண்ணா. பக்கத்துக் கடையில் ஒட்டினோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கைவினை மெக்கானிக் (10:14)
அதுதான் சம்பந்தமே. சக்கரத்தைக் கழற்ற மோட்டார் கேபிளின் பிளக்கைப் பிரித்திருப்பார்கள். பின் அச்சுக்கு முன்னால், செயின் போகும் குழாயோடு ஒட்டி இருக்கும், பாருங்கள். பல பிளக்கில் இரண்டு பாதியிலும் சின்ன அம்புக்குறி, ஒன்றில் ஒரு கோடும் இருக்கும். அம்புகளை நேருக்கு நேர் வைத்து, திருகாமல், கோடு மறையும் வரை நேராக அழுத்த வேண்டும். திருகினால் உள்ளே இருக்கும் ஊசி (பின்) வளையும். பாதி மட்டும் உள்ளே இருந்தால் சமதளத்தில் ஓடும், அங்கே கரண்ட் குறைவு. மேட்டில் இழுவையும் கூடும், மண் ரோட்டில் குலுக்கலும் கூடும், அப்போது ஒரு பின் விட்டுப்போகும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ பின் கறுத்திருந்தாலோ அழுத்தி ஓட்ட வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று முக்கியம். அச்சின் பல் வைத்த வாஷர் ஃபிரேமின் வெட்டுக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, நட் இறுகியிருக்கிறதா? பஞ்சர் ஒட்டும் அவசரத்தில் வாஷரைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். அது பிடிக்காவிட்டால் மோட்டார் இழுக்கும்போது அச்சே சுற்றிக் கேபிளை முறுக்கி அறுத்துவிடும்.

கோவை பேட்டரிக்காரர் (10:30)
38-ல் நிற்கிறது என்றால் என் கணக்கு தப்பு. ஆனாலும் இரவில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள் தம்பி. மலையில் உறைபனி நாளில் பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் போட்டால் செல் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

தேயிலைத்தம்பி (வெள்ளி, மதியம் 1:05)
பிளக்தான் அண்ணா! ஒரு நூல் அளவு வெளியே இருந்தது. அழுத்தியதும் டக்கென்று உட்கார்ந்தது. வீட்டு மேட்டில் மூன்று தடவை ஏறினேன், உதறலே இல்லை. எல்லோருக்கும் நன்றி.

கைவினை மெக்கானிக் (1:20)
சந்தோஷம் தம்பி. வாஷரைப் பார்த்தீர்களா?

கைவினை மெக்கானிக் (சனி, இரவு 8:47)
தம்பி, நாளைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வாஷரை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.