விமானம் தயாரிக்கும் இடத்தில் ஃபிட்டர் வேலை எப்படி இருக்கும்? தம்பிக்காகக் கேட்கிறேன்

குப்பத்துக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஆந்திராவில் குப்பத்துக்குப் பக்கத்தில், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தம்பி ஐடிஐயில் ஃபிட்டர் முடித்திருக்கிறான். பெங்களூரில் விமானம் தயாரிக்கும் இடத்தில் ஒரு வருட அப்ரண்டிஸுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அப்பா டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆனால் இங்கேயே கிரானைட் பாலிஷ் ஃபேக்டரியில் நாளைக்கே சேரலாம், அப்ரண்டிஸ் உதவித்தொகையை விடச் சம்பளமும் கூட, வீட்டில் கடன் வேறு இருக்கிறது. உள்ளே உண்மையில் என்ன வேலை? வருடம் முடிந்தால் அங்கேயே எடுத்துக்கொள்வார்களா? அவனுக்கு இங்கிலீஷ் பேச வராது. தினமும் ரயிலில் போய் வந்தால் தாங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிவெட் தாத்தா:
தம்பி, நான் முப்பது வருடத்துக்கு மேல் பெங்களூரில் இந்த வேலையே செய்து ஓய்வு பெற்றவன், சொந்த ஊர் பங்காருப்பேட்டை பக்கம். முதல் ஆறு மாதம் விமானத்தைத் தொட்டோம் என்றே தோன்றாது. தகடு, துளை, ரிவெட் (தகடுகளைச் சேர்த்து இறுக்கும் ஆணி), திரும்பவும் தகடு. ஒருவர் முன்னாலிருந்து ரிவெட் கன்னை வைத்து அடிப்பார், இன்னொருவர் பின்னால் இடுக்குக்குள் உடம்பை மடக்கி உட்கார்ந்து இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பார், இரண்டு பேர் கையும் ஒன்றாகப் போனால்தான் ரிவெட் சரியாக உட்காரும். நானும் என் கூட்டாளியும் பதினொரு வருடம் அப்படி வேலை செய்தோம், பேச்சே தேவைப்படாது. காதுக்கு மூடி போடாமல் ஒரு ரிவெட்கூட அடிக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள், அந்தக் காலத்தில் நாங்கள் போடவில்லை, இன்று எனக்கு வலது காது சரியாகக் கேட்பதில்லை.

ஒரு வகை அலுமினிய ரிவெட் உண்டு, சூடுபடுத்தித் தண்ணீரில் குளிர வைத்து ஃப்ரீசரில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்துக் கொஞ்ச நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும், விட்டால் கடினமாகிவிடும். துளை போட்டபின் விளிம்பில் நிற்கும் பிசிறை எடுக்காமல் விட்டால் பல வருடம் கழித்து அங்கிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும்.

இன்னொன்று கருவி எண்ணிக்கை. ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் வடிவத்திலேயே இடம் வெட்டியிருக்கும், ஷிஃப்ட் முடியும்போது ஒன்று குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நான் புதிதாகச் சேர்ந்தபோது ஒரு டிரில் பிட் உடைந்து அதன் நுனி இறக்கைக்குள் விழுந்துவிட்டது. பயந்து அரைமணி நேரம் சொல்லவில்லை, அப்புறம் போய்ச் சொன்னேன். ராத்திரி பத்து மணி வரை விளக்கும் காந்தமும் கண்ணாடியும் வைத்துத் தேடினோம், கை எட்டாத இடத்தையெல்லாம் திறந்தோம், கடைசியில் அகப்பட்டது. ஃபோர்மேன் திட்டியது நான் உடைத்ததற்காக இல்லை, அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக. அந்தத் திட்டு சரியானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஓசூர் குவாலிட்டி:
அண்ணா, நான் ஓசூரில் விமான பாகம் செய்யும் சப்ளையர் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். தாத்தா சொன்னது அவ்வளவும் உண்மை, பேப்பர் வேலை பற்றி மட்டும் நான் சொல்கிறேன். இங்கே ஒரு பாகம் கையைவிட்டுப் போகும்போது தகடு எந்த பேட்ச், யார் துளை போட்டார், யார் அளந்தார் எல்லாம் கூடவே போகும். பாகம் சரி என்று நான் போடும் ஸ்டாம்புக்குத் தனி எண், நான் வேலையை விட்டுப் போனாலும் அந்த எண் காகிதத்தில் இருக்கும். அவசரம் என்று அளக்காமல் ஸ்டாம்ப் போடச் சொல்லும் சூப்பர்வைசரும் வருவார், அவரிடம் முடியாது என்று சொல்ல முதல் வருடத்திலேயே பழக வேண்டும். எனக்கு அது கஷ்டமாக இருந்தது.

நிரந்தரம் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி, பயிற்சி கொடுத்தவர் வேலையும் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வருடம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தச் சான்றிதழோடு ஓசூர், பெங்களூர், கோயம்புத்தூர் பக்கம் பாகம் செய்யும் கம்பெனிகளில் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும். தேஜஸ் போர் விமானத்துக்கு 2021இல் 83, 2025இல் இன்னும் 97 என்று ஆர்டர் வந்திருக்கிறது, இறக்கை கோயம்புத்தூரில், நடு உடல் ஹைதராபாத்தில் என்று வேலை வெளியிலும் பிரிந்து போகிறது. அதன் உடல் எடையில் கிட்டத்தட்ட 45 சதவீதம் கார்பன் ஃபைபர், அதனால் ரிவெட்டோடு நிற்காமல் அந்தப் பக்கமும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கார்பன் ஃபைபர் தூசி பட்டால் தோல் அரிக்கும், மாஸ்க் போட்டுத்தான் அறுக்க வேண்டும்.

இங்கிலீஷ் பேச வேண்டாம், வாசிக்க வேண்டும். டிராயிங்கும் வேலைக் குறிப்பும் இங்கிலீஷில்தான் வரும், அதே நூறு நூற்றைம்பது வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஃப்ளோரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும், குப்பத்துப் பையனுக்கு அது நல்லதுதான். இன்னொரு விஷயம், விமானப் பராமரிப்புக்கான ஏஎம்இ லைசென்ஸ் வேறு, இந்த வேலைக்கு அது தேவையில்லை. அதைக் காட்டி லட்சக்கணக்கில் பணம் கேட்கும் இடத்தில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

குப்பத்துக்காரன்:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. ராத்திரி அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன், டிரில் பிட் விஷயத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டார். ஒரு வருடம் கடனை நான் பார்த்துக்கொள்கிறேன், அவன் போகட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். ரயில் மட்டும் இன்னும் குழப்பமாக இருக்கிறது.

ரிவெட் தாத்தா:
முதல் மூன்று மாதம் பெங்களூரில் கிருஷ்ணராஜபுரம் பக்கத்தில் நாலு பையன்களோடு ரூம் எடுக்கட்டும். குப்பத்திலிருந்து கொத்து வேலைக்கு தினமும் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், முடியாதது இல்லை, ஆனால் தூக்கம் கெட்ட கையில் டிரில் பிடிக்கக் கூடாது. அப்புறம் முதல் நாள் மோதிரம், கைச்சங்கிலி எதுவும் போட்டுக்கொண்டு போக வேண்டாம். திருப்பதிக் கயிறு கட்டியிருந்தால் அதையும் வீட்டிலேயே கழற்றி சாமி படத்தில் மாட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள், டிரில்லில் சுற்றிக்கொண்டால் விரலை இழுத்துவிடும்.