இடது கை என்றால் மாரடைப்பா?

போன வாரம் அப்பா காபி டம்ளரை எடுக்கப் போனார். இடது கை வரவில்லை. வாயோரம் ஒழுகியது. மாரடைப்பு என்று ஆஸ்பிரின் தேடினேன், அக்கா தடுத்துவிட்டாள். சரியா?

பதில்: அக்கா செய்ததுதான் சரி. வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் ஆஸ்பிரின் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கை விழுந்ததிலிருந்தே அந்தக் கணக்கு. நேரம் குறித்தீர்களா?

கேட்டவர்: பால்காரர் வந்த நேரம், 6.40. 108-இல் போய் எட்டரைக்குள் ஊசி போட்டாயிற்று. இப்போது டம்ளரைப் பிடிக்கிறார். காபிதான் பாதி சிந்துகிறது.

பதில்: என் மாமாவுக்கு வந்தது மாரடைப்பு. நெஞ்சில் பாரம், தாடை வலி, சட்டை நனைய வியர்வை. பேச்சு மட்டும் தெளிவு. வாயு என்று சோடா குடித்தே ஒரு மணி நேரம் போக்கினார்!

பதில்: ஆள் விழுந்து மூச்சும் இல்லையென்றால் இதயமே நின்றிருக்கும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நடுநெஞ்சில் நிமிடத்துக்கு 100–120 முறை அழுத்துங்கள்.