பேர் வைக்காத பட்டன்கள்

நான் வலைப்பக்கம் செய்கிறவன். விண்ணப்பப் படிவம் ஒன்றை முடித்துவிட்டு, கூட வேலை செய்யும் பார்வையற்ற நண்பரிடம் "ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க சார்" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரோ "பார்த்துட்டாப் போச்சு" என்று சிரித்தபடி ஹெட்போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. எனக்காக வேகத்தைக் குறைத்தார். டேப் விசையைத் தட்டத் தட்ட என் படிவம் பேசியது: "பட்டன். பட்டன். எடிட். பட்டன்."

எது அனுப்பும் பட்டன், எது அழிக்கும் பட்டன்? செய்த எனக்கே தெரியவில்லை. ஐகானை அழகாக வரைந்தேனே தவிர, அதற்கு எழுத்தில் பெயர் கொடுக்கவில்லை. "பேர் வைக்காத பிள்ளையை எப்படிங்க கூப்பிடறது?" என்றார். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்ற ஒரே விதியைச் சரிபார்த்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று டிக் போட்டிருந்தேன் நான்!

அன்றே என் கணினியிலும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை நிறுவினேன். இலவசம்தான். 2006-ல் ஆஸ்திரேலியாவில் அதைத் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர். ஹெச் விசையைத் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவும் என்று நண்பர் காட்டினார். என் பக்கத்தில் தட்டினால் தாவவே இல்லை. தலைப்பு என்று நான் நினைத்ததெல்லாம் வெறும் தடித்த எழுத்து; தலைப்பு என்று கோடில் குறிக்கவே இல்லை. அப்புறம் ஸ்கிரீன் கர்ட்டனைப் போட்டுத் திரையைக் கறுப்பாக்கி, என் படிவத்தை நானே நிரப்பிப் பார்த்தேன். மூன்றாவது பெட்டியைத் தாண்டவில்லை.

*

எங்கள் வீட்டுக் கதை சக்கர நாற்காலி. பக்கவாதம் வந்த அம்மா தாராளமாக உட்காரட்டும் என்று அகலமானதாகப் பார்த்து வாங்கினோம். அம்மா ஒரு பக்கமாகச் சரிந்தார், நல்ல கையும் சக்கரத்துக்கு எட்டவில்லை. பலம் போதவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். பிசியோதெரபிஸ்ட் வந்ததும் டேப்பை எடுத்து இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து குதிகால் வரை என்று அளந்தார். செருப்புக்கே அளவு பார்க்கிறோம், நாள் முழுக்க உட்காருகிற நாற்காலிக்குப் பார்க்கவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. அளவான நாற்காலி வந்த பிறகு அறைக்கு அறை அம்மாவே உருட்டிக்கொண்டு போகிறார். படுக்கைப் புண் வராமலிருக்க நாற்காலியில் போடும் மெத்தையும், அவ்வப்போது சாய்ந்து எடையை மாற்றும் பழக்கமும் சொல்லிக்கொடுத்தார்கள்.

*

சின்னதாக ஒன்று. தாத்தாவின் காது மெஷின் விசிலடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். கெட்டுப்போனது மெஷின் இல்லை. காதுக்குள் பொருந்தும் அச்சு தளர்ந்து, உள்ளே போக வேண்டிய சத்தம் வெளியே கசிந்து மறுபடி மைக்கிலேயே விழுந்திருக்கிறது. புது அச்சு எடுத்ததும் விசில் நின்றது.

இப்போது புதுப் புகார். "மின்விசிறி இவ்வளவு இரையுமா? கழட்டிடட்டுமா?" மூளை பழகச் சில வாரமாகும், கழற்றாதீர்கள் என்று கேட்கும் திறனைப் பார்க்கும் ஆடியாலஜிஸ்ட் சொல்லியிருக்கிறார். தாத்தா பேரம் பேசி, மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் விடுமுறை வாங்கியிருக்கிறார்.