நிலநடுக்கம் கர்த்தரின் கோபமா? பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

ரங்கூன் ரூத்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். 2025 மார்ச் 28-ல் மியான்மரில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் பகுதியில் ஒரு சபையின் சண்டே ஸ்கூலில், "இது கர்த்தரின் கோபம், பாவம் செய்தால் இன்னும் வரும்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். என் மகனுக்கு எட்டு வயது. ராத்திரி படுத்த பிறகு எழுந்து முழங்காலில் நிற்கிறான். கூடப் படிக்கிற பையனின் பென்சிலை எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேனா இல்லையா என்று அவனுக்குச் சந்தேகம். ஜெபித்துவிட்டுப் படுப்பான், மறுபடி எழுந்துவிடுவான். இதையா தேவபயம் என்கிறோம்? "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று யோவான் எழுதியிருக்கிறாரே. சின்னப் பிள்ளைகளிடம் பயத்தைப் பேசுவதை நிறுத்துங்கள்.

தட்டோன் தாசன்:
சிஸ்டர், பிள்ளையை அப்படி மிரட்டியது தப்பு. அதில் இரண்டாம் பேச்சே இல்லை. அதற்காகப் பயத்தையே நிறுத்தச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்பதும் வேத வசனம்தான்.

நான் உளுந்து வியாபாரத்தில் இருக்கிறவன். கிராமத்திலிருந்து மூட்டையோடு வருகிற விவசாயி என்னை நம்பித்தான் நிற்கிறார். தராசுத் தட்டின் அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று அவர் குனிந்து பார்ப்பதில்லை. மூட்டைக்கு அரை வீசை குறைத்தாலும் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் என் கையைப் பிடிப்பது எது? "ஆண்டவர் அன்பானவர், மன்னித்துவிடுவார்" என்ற நினைப்பா? அதே நினைப்போடு கள்ளத்தராசு பிடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் கையை உயர்த்திப் பாடுவார்கள்.

லேவியராகமம் 19:14-ஐப் பாருங்கள். குருடனுக்கு முன்னே தடுக்கல்லை வைக்காதே என்று சொன்ன கையோடு, உன் தேவனுக்குப் பயந்திரு என்கிறது. கல்லை வைத்தது யார் என்று குருடனுக்குத் தெரியாது. தேவனுக்குத் தெரியும். ஏழைக்கு அந்தப் பயம் ஒன்றுதான் பாதுகாப்பு.

பெகு மரியா:
நான் கத்தோலிக்கப் பெண், நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். உறுதிபூசுதல் என்ற அருட்சாதனத்தைப் பெறுவதற்கு முன் தூய ஆவியாரின் ஏழு கொடைகளைப் படிப்போம், அதில் இறை அச்சமும் ஒன்று. ரூத் அக்கா சொன்ன அதே யோவான் வசனத்துக்கு விளக்கம் சொல்லும்போது புனித அகுஸ்தினார் இரண்டு மனைவிகளைக் காட்டுகிறார். இரண்டு பேருக்குமே பயம் உண்டு. துரோகம் செய்கிறவள் கணவன் வந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள். உத்தமி அவன் போய்விடுவானோ என்று பயப்படுகிறாள். அக்கா மகனுக்கு வந்திருப்பது முதல் பயம். தாசன் அண்ணன் கேட்பது இரண்டாவது என்றால் சண்டையே இல்லை. ஆனால் அண்ணன் தராசைப் பற்றி எழுதியதில் எனக்கு முதல் பயமும் கொஞ்சம் தெரிகிறது.

தட்டோன் தாசன்:
தெரியட்டும் தங்கச்சி. முதல் பயத்திலாவது விவசாயிக்குச் சரியான எடை கிடைக்கும்.

ரங்கூன் ரூத்:
பிரதர், பயம் நல்லது மட்டும்தான் செய்விக்கும் என்கிறீர்களா? மத்தேயு 25-ல் இயேசு சொன்ன உவமையில், எஜமானிடம் ஒரு தாலந்து பணம் வாங்கிய வேலைக்காரன் என்ன சொன்னான்? எஜமான் கடினமானவர், அதனால் பயந்துபோய்ப் புதைத்துவிட்டேன் என்றான். அவன் திருடவில்லை, ஆனால் யாருக்கும் உதவவும் இல்லை.

அப்புறம் நிலநடுக்கம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் பள்ளிவாசல்கள் இடிந்தன. மண்டலேயில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிக்குகள்மேல் மடம் சரிந்தது. 3,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அவர்கள் நம்மைவிடப் பாவிகளா? சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி இயேசுவே இதே கேள்வியைக் கேட்டு, "அப்படியல்ல" என்றார். எலியா தீர்க்கதரிசிக்கு முன்னால் பூமி அதிர்ந்தபோதும், அந்த அதிர்ச்சியில் கர்த்தர் இருக்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது.

தட்டோன் தாசன்:
அந்த "அப்படியல்ல"வை அடுத்து, மனந்திரும்பாமற்போனால் நீங்களும் கெட்டுப்போவீர்கள் என்றும் இயேசு சொன்னார். அதையும் சேர்த்து வாசியுங்கள் சிஸ்டர்.

மோல்மேன்காரன்:
எங்கள் ஊர்க் கதை ஒன்று. அமெரிக்காவிலிருந்து பர்மாவுக்கு வந்த மிஷனரி ஜட்சன் ஐயாவை 1824-ல் அப்போதைய தலைநகர் ஆவாவில் சிறையில் போட்டார்கள். 1826-ல் மனைவி ஆன் இறந்தார், அடுத்த வருஷம் பெண் குழந்தையும். அதற்கப்புறம் அவர் தன்னையே வாட்டிக்கொள்ள ஆரம்பித்தார். புகழ்ந்து வந்த கடிதங்களை அழித்தார், காட்டில் குடிசை போட்டுத் தனியாக இருந்தார், ஒரு குழியைத் தோண்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் காணமுடியவில்லை என்று எழுதினார். பயபக்தியில் அவரை மிஞ்ச நம்மில் யாருமில்லை. தாசன் அண்ணே, அந்தக் குழிக்கரையில் போய் நின்று "இன்னும் பயப்படு" என்றா சொல்வீர்கள்?

தட்டோன் தாசன்:
சொல்ல மாட்டேன். நொறுங்கினவனிடம் சங்கீதம் 130:4-ஐச் சொல்வேன்: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." மன்னிப்பு முதலில், பயம் அதிலிருந்து பிறக்கிறது. ரூத் சிஸ்டர் மகனிடமும் அதையே சொல்வேன். ஆனால் நொறுங்காதவனிடம்? நரகத்திலே தள்ள வல்லவருக்குப் பயப்படுங்கள் என்று லூக்கா 12:5-ல் சொன்னவர் மோசே இல்லை, இயேசு.

ரங்கூன் ரூத்:
சங்கீதத்துக்கு ஆமென். லூக்காவில் இரண்டு வசனம் தள்ளிப் பாருங்கள் பிரதர். தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது, பயப்படாதிருங்கள் என்று அதே வாய்தான் சொல்கிறது. பேச்சு அங்கேதான் போய்ச் சேருகிறது.

தட்டோன் தாசன்:
அங்கே நிற்கவில்லை சிஸ்டர். 9-ஆம் வசனத்தில், மனுஷர் முன்பாகத் தம்மை மறுதலிக்கிறவன் தேவதூதர் முன்பாக மறுதலிக்கப்படுவான் என்கிறார். அதையும் பிள்ளைகளிடம் ஒரு நாள் சொல்லித்தானே ஆகணும்?