லிவர் விழுகிறது, விளக்கு எரிகிறது, முன் சக்கரம் இழுக்கவில்லை: இந்த ஃபோர் வீல் கேம்பரை வாங்கலாமா?

பென்னாகரத்துக்காரர்:
வணக்கம். கிருஷ்ணகிரி அணைப் பக்கம் ஒருவர் 2015 மாடல் பொலிரோ கேம்பர், ஃபோர் வீல் டிரைவ், விற்கிறார். டிஎன் 24 பதிவு. பின் தொட்டியின் மேல் தகரக் கூண்டு கட்டி உள்ளே கட்டில், ஒற்றை அடுப்பு, 60 லிட்டர் தண்ணீர் டேங்க், சின்ன ஃப்ரிட்ஜ் என்று வீடு மாதிரி வைத்திருக்கிறார். ஆறரை லட்சம் சொல்கிறார். வீட்டில் எல்லோரும் வத்தல்மலை, அஞ்செட்டி என்று இப்போதே கிளம்பிவிட்டார்கள்.

தென்பெண்ணை மணலில் ஓட்டிப் பார்த்தேன். லிவரைத் தள்ளி ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்க வேண்டிய நிலை) போட்டதும் டாஷ்போர்டில் விளக்கு எரிந்தது. ஆனால் பின் சக்கரம் மட்டும் சுற்றிக் குழி தோண்டியது, முன்னால் இரண்டும் அசையவே இல்லை. ஒரு டிராக்டர்காரர்தான் இழுத்துவிட்டார். இன்னொன்று, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, தள்ளி எடுத்தோம். "பேட்டரி பழசுங்க, மாத்திட்டா சரியாயிடும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

ஓசூர் மெக்கானிக்:
விளக்கை நம்பாதீங்க அண்ணா. டிரான்ஸ்ஃபர் கேஸில் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கும் சுவிட்ச் அழுந்தினால் அது எரியும். சக்கரம் வரை இழுவை போனதா என்று அதற்குத் தெரியாது. முதல் வேலையாக வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்கு ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட் (இழுவையைக் கொண்டுபோகும் சுழல் தண்டு) போக வேண்டும். அது இருந்தால் அடுத்து ஆக்சிலோடு சக்கரத்தைப் பிணைக்கும் ஹப்பைப் பார்க்கலாம்.

பென்னாகரத்துக்காரர்:
படுத்துப் பார்த்தேன் தம்பி. ஷாஃப்டே இல்லை! கேட்டால் ஷெட்டிலிருந்து கோணிப்பையில் சுற்றி எடுத்து வருகிறார். சத்தம் வந்ததாம், டீசலும் அதிகம் குடித்ததாம், அதனால் கழற்றி வைத்தாராம். தொப்பூர் கணவாய் இறங்கும்போதெல்லாம் பிடிமானத்துக்கு ஃபோர் ஹை போட்டுத்தான் ஓட்டுவாராம்.

ஓசூர் மெக்கானிக்:
சத்தத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும். இந்த மாதிரி வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடாது. மணலில், சேற்றில் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்க வழியில்லாமல் முறுக்கு முழுக்க ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ் என்ற மூட்டு மேலும், ஆக்சிலுக்குள் இருக்கும் கிரௌன் என்ற பல்சக்கரம் மேலும் ஏறும். கிராஸ் மட்டும் போயிருந்தால் சின்னச் செலவு, கிரௌன் என்றால் யோசிக்க வேண்டும்.

ஷாஃப்டை மாட்டச் சொல்லுங்கள். மண்ணில் ஃபோர் ஹை போட்டு நாலடி முன்னால் நகர்த்தி நிறுத்துங்கள். ரிவர்ஸ் எடுக்காதீர்கள், தானாகப் பிடிக்கும் ஆட்டோ ஹப் இருந்தால் பிடியை விட்டுவிடும். எஞ்சினை அணைத்து, முதல் கியரில் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன்னால் ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போடுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றக் கூடாது. லேசாகச் சுற்றினால் ஏதோ ஒரு ஹப் பிடிக்கவில்லை. அடியில் மட்டும் கையைக் காலை நீட்டாதீர்கள்.

தருமபுரி ஒயர்மேன்:
பேட்டரி மேல் பழி போடுவதற்கு முன்னால் ஃப்ரிட்ஜ் எங்கிருந்து கரண்ட் எடுக்கிறது என்று பாருங்கள். 4 ஆம்பியர் இழுக்கும் ஃப்ரிட்ஜ் ராத்திரி 10 மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலே 20 ஆம்பியர்-ஹவர் (Ah) சார்ஜ் போய்விடும். அதை ஸ்டார்ட் பேட்டரியில் மாட்டியிருந்தால் புதுசு வாங்கிப் போட்டாலும் இதே கதிதான். தனி பேட்டரி இருந்தும் இரண்டையும் நேராக ஒயரில் சேர்த்திருந்தால் ஒன்று இறங்கும்போது மற்றதும் இறங்கும். நடுவில் இரண்டையும் பிரித்து வைக்கும் ஐசொலேட்டர் வேண்டும். ஒரு ராத்திரி கூண்டுப் பக்கத்து ஒயரை மொத்தமாகக் கழற்றிவிட்டுக் காலையில் சாவி போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அரூர் லாரிக்காரர்:
எல்லோரும் இரும்பையே பார்க்கிறீர்கள், ஆர்சியை (பதிவுச் சான்று) யாரும் பார்க்கவில்லையே? கேம்பர் என்பது அந்த மாடலுக்குக் கம்பெனி வைத்த பெயர். ஐந்து பேர் உட்காரும் கேபினும் பின்னால் தொட்டியும் உள்ள சரக்கு வண்டி அது. ஆர்சியில் கேம்பர் வேன் என்றே தனி வகுப்பு இருக்கிறது. இதில் சரக்கு வாகனம் என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி மாற்றத்தை ஆர்சியில் ஏற்றாமல் கட்டிய கூண்டு கூண்டே இல்லை. நாளைக்கு அடுப்பால் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதே அதைத்தான். சரக்கு வண்டி 8 வருஷம் தாண்டினால் எஃப்சி (தகுதிச் சான்று) வருஷா வருஷம். கடன் இருந்து முடித்திருந்தால் அதற்கான படிவம் 35ஐக் கேட்டு வாங்குங்கள், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 எப்படியும் வேண்டும்.

அப்புறம், அஞ்செட்டி காட்டில் ஓரமாக நிறுத்தித் தூங்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கம் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014லிருந்து இருக்கிறது. யானைக்கு உங்கள் ஆர்சி தேவையில்லை.

பென்னாகரத்துக்காரர்:
எல்லோருக்கும் நன்றி. ஒயரைக் கழற்றி வைத்த மறுநாள் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. ஷாஃப்ட் மாட்டி ஜாக்கி போட்டதில் சக்கரம் அசையவில்லை, ஆனால் கிராஸ் இரண்டும் ஆடுகிறது. அரூர் அண்ணன் சொன்னபடி ஆர்சியில் சரக்கு வாகனம்தான். எஃப்சிக்கு எப்படிக் காட்டினீர்கள் என்று விற்பவரிடம் கேட்டேன். "எட்டு போல்ட்டுதாங்க, கூண்டை இறக்கி வெச்சுட்டுப் போவோம், வந்து மாட்டிக்குவோம்" என்றார்.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. கூண்டுக்கு அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றித் தந்தால் ஐந்தரை, இல்லாவிட்டால் கூண்டில்லாமல் வெறும் வண்டிக்கு விலை பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். கிராஸ் மாற்றியதும் மறுபடி மணலுக்குப் போகிறோம். டிராக்டர்காரர் நம்பரை இந்த முறை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டேன்.